மழை நின்ற மறுநாளே விளையாட ஒரு பள்ளிப் புல்தரை: நீர் வடிய வைக்கும் வேலை, தொடக்கத்திலிருந்து

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் ஊர்ப் பள்ளிக் கால்பந்து மைதானங்களில் பெரும்பாலானவை வாரக்கணக்கில் குளமாகக் கிடக்கின்றன. உடனே பலரும் சொல்லும் தீர்வு, ‘அடியில் குழாய் பதியுங்கள்’ என்பது. குழாய்தான் கடைசி வேலை. சரிவும் இறுகாத மேல்மண்ணும் இல்லாத தரையில் குழாய்க்குச் செலவிடும் பணம் மண்ணுக்குள் போய்விடும்.

90 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்ட மைதானத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 2,70,000 லிட்டர். களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் நீரைத்தான் உறிஞ்சும். மீதி நீர் மேலாக ஓடியே வெளியேற வேண்டும்.

முதல் வேலை: பார்ப்பது, அளப்பது

நல்ல மழை ஓய்ந்ததும் மைதானத்தைச் சுற்றி நடந்து, நீர் தேங்கும் இடங்களில் குச்சி நட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து நீர் உள்ளே வருகிறதா என்றும் பாருங்கள். வகுப்பறைக் கூரையில் 100 சதுர மீட்டர் இருந்தால், அதே 50 மில்லிமீட்டர் மழையில் அது மட்டும் 5,000 லிட்டரை மைதானத்தில் கொட்டும். அந்த நீரை எல்லைக்கு வெளியே ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். இதைவிட மலிவான வேலை வேறில்லை.

பிறகு, அடியும் மூடியும் இல்லாத பெயின்ட் டப்பா ஒன்றை மண்ணில் 5 சென்டிமீட்டர் இறக்கி, ஒரு முறை நீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். கோல் கம்பத்தின் முன்னால் ஓர் அளவு, அதிகம் மிதிபடாத ஓரத்தில் ஓர் அளவு. ஓரத்தில் நன்றாக இறங்கி, கோல் முன்னால் நின்றுவிட்டால், அங்கே மண் இறுகிப்போயிருக்கிறது என்று கொள்ளலாம். குழாயால் அது சரியாகாது.

இரண்டாவது: சரிவு

ஒரு கோலிலிருந்து மறு கோல் வரை நீளவாக்கில் நடுப்பகுதி உயர்ந்து, இரு பக்கக் கோடுகளையும் நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு போதும். 60 மீட்டர் அகலத்துக்கு நடுவில் 30 சென்டிமீட்டர் மேடு. விளையாடுபவர் காலுக்கு அது தெரியவே தெரியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், நீர் நிரப்பிய டியூப் லெவலே இந்த அளவுக்குப் போதுமானது. முதலில் 15 சென்டிமீட்டர் மேல்மண்ணை எடுத்து ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணுக்குச் சரிவு கொடுத்து, மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். மேல்மண்ணை அடியில் புதைத்து அடிமண்ணை மேலே கொண்டுவந்துவிட்டால் புல் தேறாது.

முழுவதும் மேடாக்கப் பணமில்லையா? பள்ளங்களை மட்டும், அதே வகை மேல்மண்ணால், ஓரிடமும் குழியாக நிற்காதபடி நிரவுங்கள். அதுவே பாதி வெற்றி.

மூன்றாவது: இறுகிய மண்ணைத் திறப்பது

‘தரை சமமாகட்டும்’ என்று சாலை ரோலரை ஏற்றும் வழக்கத்தை இன்றே கைவிட வேண்டும். அந்த எடை மண்ணின் நுண்துளைகளை மூடிவிடுகிறது. நீரும் காற்றும் வேருக்குப் போக வழியில்லை. இறுகிய இடங்களில் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட வேண்டும். மண்ணை உருளையாக வெளியே எடுக்கும் உள்ளீடற்ற ஊசிகள் கொண்ட இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தோட்டத்தில் மண் கிளறும் பெரிய முள் கரண்டியைக் குத்தி லேசாக அசைத்தாலும் பலன் உண்டு. மண் ஈரப்பதமாக இருக்கும்போது செய்யுங்கள். சேறாக இருக்கும்போது வேண்டாம்.

துளைகளுக்குள் மணலைத் தூவிக் கூட்டித் தள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் கனத்தில் முழு மைதானத்துக்கும் 27 கன மீட்டர், அதாவது பத்து யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் 100 கன அடி) சற்றுக் குறைவான மணல் தேவை. ஆகவே நடுவட்டமும் கோல் முகப்பும் முதலில். பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் வாங்கினால் கழுவித் தூள் நீக்கியதா என்று பாருங்கள். தூள் துளைகளை அடைத்துவிடும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொட்டி உழுதுவிடுவது இன்னும் மோசம். காய்ந்ததும் அது செங்கல்போல இறுகும்.

நான்காவது: குழாய்

இவ்வளவுக்குப் பிறகும் நீர் நிற்கும் இடங்களுக்குத்தான் குழாய். நீர் ஓடிவரும் திசைக்குக் குறுக்கே, 15 சென்டிமீட்டர் அகலமும் 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் வெட்டுங்கள். 10 மீட்டருக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். துளையிட்ட 100 மில்லிமீட்டர் குழாயை வைத்து, கழுவிய சிப்ஸ் எனப்படும் சிறு ஜல்லியால் நிரப்புங்கள்.

இங்கேதான் பல மைதானங்கள் கெடுகின்றன. வெட்டிய களிமண்ணையே மேலே போட்டு மூடிவிடுகிறார்கள். குழாய் அடியில் காய்ந்து கிடக்கிறது, மேலே நீர் நிற்கிறது. ஜல்லிக்கு மேல் தரை வரை மணலாகவே இருக்க வேண்டும். தோண்டிய மண்ணை மைதானத்தை விட்டே வெளியேற்றுங்கள். குழாயின் வாய் தாழ்ந்த வாய்க்காலில் திறந்து, அங்கே நீர் வருவதைக் கண்ணால் பார்க்கும்படி இருக்கட்டும்.

புல்லும் பராமரிப்பும்

நம் அருகம்புல்லே உலகின் வெப்பமான பகுதிகளில் விளையாட்டுத் தரைகளில் வளர்க்கப்படும் புல்தான். நல்ல வெயில் மட்டும் அதற்குக் கட்டாயம். மண் வேலைகளைக் கோடை விடுமுறையில் முடித்து, தண்டுத் துண்டுகளை நட்டு நீர் பாய்ச்சினால், வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துத் தரையை மூடிவிடும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் தினமும் காலையில் கோல் முகப்பில் குதிகாலை அழுத்திப் பாருங்கள். தடத்தில் நீர் ஊறினால் அன்று பயிற்சி வேறு இடத்தில் நடக்கட்டும். பயிற்சிக்கு நகர்த்தக்கூடிய கோல் கம்பங்கள் இருந்தால், வாரந்தோறும் இடம் மாற்றி வையுங்கள்.