பக்கவாதம் வந்த அப்பாவுக்கு ஊட்டும்போது

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, ரங்கூனில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: முனைக்கடை மொஹிங்காவை, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸை, வாங்கிவந்து ஊட்டினேன். இரண்டாவது வாயிலேயே புரை ஏறியது. குழம்பு முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும், நூடுல்ஸ் வாயிலேயே நிற்கும். தளர்ந்துபோன தொண்டையால் இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்க முடியாது. தண்ணீர் தெளிந்து மேலே நிற்கும் கஞ்சியும் அப்படித்தான். வறுத்த பயறு போட்ட லபெத்தை (ஊறவைத்த தேயிலைக் கலவை) மறந்தே விடுங்கள்.

முதலில் நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். நின்றுகொண்டு ஊட்டாதீர்கள், நம்மைப் பார்க்க அவர் முகத்தைத் தூக்குவார், அப்போதுதான் மூச்சுக்குழாய்க்கு வழி திறக்கும். எதிரே உட்கார்ந்து அரை டீஸ்பூன் கொடுங்கள், குரல்வளை மேடு ஏறி இறங்கும்வரை அடுத்த வாய் கிடையாது. அப்புறம் "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிடுங்கள். இருமவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், உணர்ச்சி மரத்த தொண்டையில் சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள்.

தண்ணீர்தான் ஆபத்து என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அதை எவ்வளவு கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் சொன்னபின் வீட்டிலேயே சோதிக்கலாம். 0 முதல் 10 மி.லி. வரையான கோடு 61.5 மி.மீ. நீளமுள்ள சிரிஞ்சை எடுத்து, தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, கெட்டியாக்கியதை 10 மி.லி. ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 வினாடி எண்ணி மறுபடி அடையுங்கள். 1 முதல் 4 மி.லி. மிச்சமிருந்தால் மிக லேசான கெட்டி, 4 முதல் 8 என்றால் லேசான கெட்டி, 8க்கு மேல் நின்றால் நடுத்தரக் கெட்டி. டீக்கும் இதே சோதனைதான், கடை டீயை அப்படியே நீட்டாதீர்கள்.

தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி விழுங்குவது சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுதல். பரிசோதிக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று செய்ய வேண்டாம். பல் தேய்ப்பதை மட்டும் விடாதீர்கள், வாய்க் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். காய்ச்சலோ புது மூச்சிரைப்போ வந்தால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள்.

பேச்சுக்கு: "என்ன வேணும்ப்பா?" என்று கேட்டால் வார்த்தை சிக்கி அவருக்குக் கோபம் வரும். டீக் கோப்பையையும் பால் கிண்ணத்தையும் காட்டி "இதா, இதா?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவுக்கு இந்தக் கடைசிப் பாடம் மட்டும் இன்னும் வரவில்லை, அப்பா "டீ..." என்று இழுப்பதற்குள் ஊற்றிக்கொடுத்து விடுகிறார்.