அணை நீர்மட்டச் செய்தியிலிருந்து தசம எண்களைப் பிரித்தெடுக்கும் ரெஜெக்ஸ்

குமரி மாவட்டத்தில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியாகிவிடும். அச்செய்தியிலிருந்து அடிக்கணக்கை மட்டும் பிரித்தெடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ், கைகொடுக்கும். உரையில் எதைத் தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் குறிகளின் வடிவம் அது. பயிற்சிக்காக அமைத்த வரி இது. இதிலுள்ள அளவுகள் கற்பனையே.

சிற்றாறு-1 14.2 அடி, பேச்சிப்பாறை 41.25 அடி, பெருஞ்சாணி 63 அடி, முக்கடல் -3.5 அடி, பாலமோர் மழை 12.4 மி.மீ.

முதலில் [0-9]+ என்று எழுதிப் பாருங்கள். 'ஓர் இலக்கமோ, தொடர்ந்து வரும் பல இலக்கங்களோ' என்பது இதன் பொருள். புள்ளியை இது அறியாது என்பதால் 41.25 என்பது 41, 25 என இரண்டாக உடையும். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி. ஆகவே 25 என்ற பொய்யான அளவும் பட்டியலில் உண்மைபோலவே நிற்கும்.

அடுத்து, இடையில் புள்ளியைச் சேர்த்து [0-9]+.[0-9]+ என்று எழுதத் தோன்றும். இந்த இடத்தில் நிதானம் தேவை. ரெஜெக்ஸில் வெறும் புள்ளி என்பது 'ஏதேனும் ஓர் எழுத்து அல்லது குறி' என்று பொருள்படும். இடைவெளியும் அதில் அடங்கும். அதனால் சிற்றாறு-1 அணையின் பெயரிலுள்ள 1, இடைவெளி, அதையடுத்த 14 ஆகிய மூன்றும் ஒட்டிக்கொண்டு '1 14' என்று வந்து நிற்கும். புள்ளியைப் புள்ளியாகவே கொள்ள அதன்முன் பேக்ஸ்லாஷ் இட வேண்டும்: [0-9]+\.[0-9]+

இப்போது 41.25 முழுதாகக் கிடைக்கும்; ஆனால் பெருஞ்சாணியின் 63 விடுபடும். தசமப் பகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்குமாறு அதனை அடைப்புக்குள் இட்டு, பின்னால் கேள்விக்குறி சேருங்கள்: [0-9]+(?:\.[0-9]+)?

அடைப்பின் தொடக்கத்திலுள்ள ?: முக்கியமானது. அது இல்லையெனில் பைத்தான் நிரல்மொழியில் பொருத்தங்களையெல்லாம் பட்டியலிடும் ஃபைண்ட்ஆல் (findall) முழு எண்ணைத் தராமல், அடைப்புக்குள் சிக்கிய .25 போன்ற துண்டை மட்டுமே தரும்.

முக்கடல் அணையின் மட்டம் கோடையில் மைனஸில் செல்வதுண்டு என்பதால் முன்னால் -? சேர்ப்போம். எண்ணின் வடிவத்தை மட்டும் பார்த்தால் அணைப் பெயரிலுள்ள 1, மழையளவான 12.4 ஆகியனவும் உள்ளே வந்துவிடும். எனவே எண்ணுக்குப் பின் 'அடி' என்ற அலகு வர வேண்டும் என்றும் (?= ) கொண்டு நிபந்தனை இடுவோம்; அதற்குள் இருப்பது பின்னால் வருகிறதா என்று மட்டும் பார்க்கப்படும், முடிவில் சேராது:

-?[0-9]+(?:\.[0-9]+)?(?= அடி)

14.2, 41.25, 63, -3.5 ஆகிய நான்கு மட்டுமே கிடைக்கும். சில செய்திகளில் '41.25அடி' என்று இடைவெளியின்றி அச்சாகியிருக்கும், அதற்கும் பொருந்த (?= *அடி) என்று இடைவெளிக்குப் பின் ஒரு நட்சத்திரக்குறி இட்டால் போதும்.