1975 டாப்ஸ் பேஸ்பால் அட்டைகள்: முழு செட்டையும் சேர்ப்பது எப்படி?

பழைய பேஸ்பால் அட்டை என்றதும் ஏலச் செய்திதான் பலருக்கு நினைவுக்கு வரும். 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. நாம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நிறுவனம் ஒரு வருடத்தில் வெளியிட்ட எல்லா அட்டைகளையும், ஒன்றாம் எண்ணிலிருந்து கடைசி எண் வரை, சாதாரணச் சம்பளத்தில் மெதுவாகச் சேர்த்து முடிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. இதைத்தான் சேகரிப்பாளர்கள் 'செட் கட்டுவது' என்கிறார்கள். கட்டி முடித்த செட்டை மொத்தமாக விலைக்கும் வாங்கலாம், பல நேரம் அது மலிவாகவே கிடைக்கும். ஆனால் அதில் என்ன சுவாரசியம்?

படி 1: எந்த வருடம்?

புதிதாகத் தொடங்குபவர் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பிடித்த வீரரின் வருடத்தையோ, பார்க்க அழகாக இருக்கும் வருடத்தையோ எடுத்துவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த வருடம் அட்டைகள் கடைக்கு எப்படி வந்தன என்பதை.

1973 வரை டாப்ஸ் ஒரே நேரத்தில் எல்லா அட்டைகளையும் வெளியிடாது. வசந்தத்தில் முதல் பகுதி, பிறகு அடுத்தது என்று கோடை முழுக்கத் தவணை தவணையாக வரும். கடைசித் தவணை வரும்போது பள்ளி திறந்து, பிள்ளைகளின் கவனம் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் திரும்பியிருக்கும். கடைக்காரர்களும் குறைவாகத்தான் வாங்குவார்கள். அப்படி அரிதாகிப்போன கடைசி எண்களுக்கு 'ஹை நம்பர்' என்று பெயர். 1952 செட்டில் 311 முதல் 407 வரை அந்த ரகம். விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960-இல் டாப்ஸ் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது. மேன்டிலின் எண் 311. மீதியை நீங்களே ஊகிக்கலாம். 1967 செட்டில் டாம் சீவரின் முதல் அட்டையும் எண் 581, அதுவும் ஹை நம்பர்தான். இப்படிப்பட்ட வருடத்தில் யாரென்றே தெரியாத ஒரு மாற்று ஆட்டக்காரரின் அட்டைக்குக்கூடப் பணம் அழ வேண்டியிருக்கும்.

1974-இலிருந்து முழு செட்டும் ஒரே தடவையில் வந்தது. மறுபக்கம், 1981-இல் ஃப்ளியர், டான்ரஸ் நிறுவனங்கள் களத்தில் இறங்கின. எண்பதுகளின் பிற்பகுதியில் அளவுக்கு மீறி அச்சடித்துத் தள்ளியதால் அந்த அட்டைகளுக்கு இன்று மதிப்பே இல்லை. ஆக, புதியவருக்கு ஏற்ற இடைவெளி 1974 முதல் 1980 வரை. அதில் என் தேர்வு 1975. தயக்கமே இல்லை.

மொத்தம் 660 அட்டைகள். எண் 1 ஹாங்க் ஆரன், எண் 660-உம் ஹாங்க் ஆரன். 1974 ஏப்ரலில் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை அவர் முறியடித்ததற்கான மரியாதை முதல் அட்டை. கடைசியில் மில்வாக்கி ப்ரூவர்ஸ் வீரராக வருகிறார். நடுவில் ஜார்ஜ் பிரெட் (228), ராபின் யவுன்ட் (223), ஜிம் ரைஸ் (616), கேரி கார்ட்டர் (620) ஆகியோரின் முதல் அட்டைகள் இருக்கின்றன. நால்வருமே பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் சாதனையாளர் பட்டியலுக்குப் போனவர்கள். ஓரங்களில் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், அதுவும் ஒன்றுக்கொன்று கத்தும் நிறங்கள். சிலருக்குக் கண் கூசும், எனக்குப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: அதே வருடம் அதே 660 அட்டைகளைச் சற்றே சிறிய அளவிலும் அச்சிட்டு, அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் சோதனையாக விற்றார்கள். அவை 'மினி'. வழக்கமான அட்டை இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். மினி அதைவிடச் சிறியது, படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இணையத்தில் வாங்கும்போது தலைப்பை நிதானமாகப் படியுங்கள்.

படி 2: நிலையை முடிவு செய்யுங்கள், முடிவை மாற்றாதீர்கள்

அட்டையின் நிலைக்குப் பூர், குட், வெரி குட், எக்ஸலன்ட், நியர் மின்ட், மின்ட் என்று படிநிலைகள் உண்டு. பிஎஸ்ஏ போன்ற தரம் பார்க்கும் நிறுவனங்கள் இதையே 1 முதல் 10 வரை எண்ணாகத் தருகின்றன. 3 வெரி குட், 5 எக்ஸலன்ட், 7 நியர் மின்ட். ஒரு படி ஏறினாலே செலவு எகிறும். 9, 10 என்று போனால் சாதாரண வீரரின் அட்டைகூடக் கைக்கு எட்டாது.

முதல் செட்டுக்கு 5 அல்லது அதை ஒட்டிய நிலை போதும் என்பது என் கருத்து. மூலைகள் லேசாக மழுங்கியிருக்கலாம். படம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சற்றே ஒதுங்கியிருக்கலாம். 1975-இல் இந்த 'சென்டரிங்' பிரச்சினை நிறைய உண்டு, அதைப் பார்த்துப் பயந்தால் எதையும் வாங்க முடியாது. நிற ஓரம் என்பதால் விளிம்பில் சிறிய உரசல்கூட வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அதையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடிப்பு விழுந்தது, பேனாக் கிறுக்கல், டேப் ஒட்டிய தடம், பின்பக்கத் தாள் உரிந்தது இவற்றை மட்டும் தொடாதீர்கள். 'இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று வாங்கினால் ஒரே அட்டைக்கு இருமுறை காசு கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ஒன்பது அட்டைகள் ஒரே பக்கத்தில் இருக்கும்போது எட்டு நன்றாக இருந்து ஒன்று கசங்கியிருந்தால் கண் நேராக அந்த ஒன்றுக்குத்தான் போகும். விலை உயர்ந்த ஓரிரண்டு அட்டைகளை மட்டும் எட்டாத பட்சத்தில் ஒரு படி கீழே எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: பட்டியல்

கூகுள் ஷீட்டில் 1 முதல் 660 வரை எழுதி எண், பெயர், இருக்கிறதா, நிலை, கொடுத்த விலை என்று ஐந்து பத்திகள் போடுங்கள். டிரேடிங் கார்டு டேட்டாபேஸ் தளத்தில் முழுப் பட்டியலும் படங்களோடு இலவசமாக இருக்கிறது. கைபேசியில் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், கண்காட்சி மேசையில் நிற்கும்போது நினைவாற்றல் கைகொடுக்காது.

இந்த செட்டுக்குள்ளேயே 126, 257, 386, 517, 646 என்று ஐந்து செக்லிஸ்ட் அட்டைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 132 பெயர்கள், பக்கத்தில் குட்டிக் கட்டங்கள். அணிகளின் குழுப் பட அட்டைகளிலும் பின்பக்கம் அந்த அணியின் பட்டியல் இருக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காகக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்கள். ஆகவே பேனா படாத செக்லிஸ்ட் கிடைப்பது கொஞ்சம் சிரமம், கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கும்போது பின்பக்கப் படத்தையும் கேளுங்கள்.

படி 4: மொத்தமாக ஒரு லாட்

ஒவ்வொன்றாகத் தொடங்கினால் தபால் செலவே அட்டையின் விலையைத் தாண்டிவிடும். 300, 400 வெவ்வேறு அட்டைகளை மொத்தமாகக் கட்டி விற்கும் 'ஸ்டார்டர் லாட்' ஒன்றை ஈபேயிலோ கண்காட்சியிலோ வாங்குவதுதான் சரியான தொடக்கம். விற்பவரிடம் மூன்று கேள்விகள்: எத்தனை அட்டைகள் வெவ்வேறானவை, எந்தெந்த நட்சத்திரங்கள் இருக்கிறார்கள், மடிப்பு விழுந்தவை எத்தனை. படத்தில் மேலே பரப்பியிருக்கும் பத்து நல்ல அட்டைகளை வைத்து அடியில் இருப்பவற்றை எடைபோட வேண்டாம். நட்சத்திர அட்டைகளின் விலையைக் கழித்துவிட்டு மீதியை வகுத்துப் பாருங்கள். நடுத்தர நிலைச் சாதாரண அட்டை ஒன்று ஒரு டாலருக்குக் கீழே விழுந்தால்தான் லாட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

வந்ததும் எண் வரிசைப்படி அடுக்கிப் பட்டியலில் ஏற்றுங்கள். இரட்டையாக வந்தவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், மற்றவர்களோடு மாற்றிக்கொள்ள உதவும்.

படி 5: பெரிய அட்டைகளை முன்பே வாங்குங்கள்

இதில் அனுபவஸ்தர்கள் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். 'சாதாரண அட்டைகளை முடி, நட்சத்திரங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்' என்பது வழக்கமான அறிவுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. 645 சேர்ந்தபின் மிச்சமிருக்கும் 15-உம் விலை உயர்ந்தவையாக இருந்தால் ஆர்வம் அங்கேயே படுத்துவிடும். பாதி முடிந்து பெட்டியில் கிடக்கும் செட்டுகள் பல இந்தக் காரணத்தால்தான் கிடக்கின்றன. பிரெட், யவுன்ட் இருவரையும் முதல் சில மாதங்களிலேயே வாங்கிவிடுங்கள். பிறகு ஆரன் இரண்டு, நோலன் ரயன் (500), மைக் ஷ்மிட் (70), பீட் ரோஸ் (320), ரெஜி ஜாக்சன் (300).

புதியவர்கள் கணக்கில் விடுவது 189 முதல் 212 வரையுள்ள 24 அட்டைகளை. 1951 முதல் 1974 வரை ஒவ்வொரு வருடமும் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெற்ற இருவரின் பழைய டாப்ஸ் அட்டைகளைச் சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். மேன்டில் இருப்பதால் 194, 195, 200 மூன்றுக்கும் விலை கூடுதல். இதில் 200 வேடிக்கையானது. 1962-இல் விருது பெற்ற மாரி வில்ஸுக்கு அந்த வருடம் டாப்ஸ் அட்டையே கிடையாது. ஆகவே இல்லாத ஒரு 1962 அட்டையை 1975-இல் புதிதாக வடிவமைத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

போலி பற்றிய பயம் பிரெட், யவுன்ட் அட்டைகளுக்குத்தான் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அசல் அட்டையில் படம் நிறப் புள்ளிகளாகத் தெரியும், ஆனால் கறுப்பு எழுத்தும் கோடும் புள்ளியில்லாமல் ஒரே சீரான கறுப்பு மையாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்த நகலில் அந்தக் கோடுகளும் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். மழுங்கிய ஓரத்தை வெட்டிக் கூர்மையாக்கும் வேலையும் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சாதாரண அட்டை ஒன்றின் மேல் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள், அளவு குறைந்தால் சந்தேகப்படலாம். இதெல்லாம் தலைவலி என்றால் இந்த இரண்டை மட்டும் பிஎஸ்ஏ அல்லது எஸ்ஜிசி தரம் பார்த்து உறையிட்டதாக வாங்குங்கள். சாதாரண அட்டைகளைத் தரம் பார்க்க அனுப்புவது வீண், கட்டணமே அட்டையின் விலையைவிட அதிகம்.

விலை தெரிய வேண்டுமா? ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றைத் தனியே வடிகட்டிப் பாருங்கள்.

படி 6: சாதாரண அட்டைகள்

இங்கே அவசரம் வேண்டாம். தேவைப்படும் எண்களை மட்டும் எழுதிய பட்டியலோடு உள்ளூர்க் கண்காட்சிக்குப் போனால் ஒரே மேசையில் நாற்பது, ஐம்பது தேறும். பெரிய திருவிழா என்றால் 1980 முதல் நடக்கும் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு. இணையத்தில் ஒரே விற்பனையாளரிடம் பலவற்றை எடுத்து ஒரே பொட்டலமாக அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு காம்சி தளம் வசதி, வாங்குவதை அவர்களே சேர்த்துவைத்து நீங்கள் கேட்கும்போது மொத்தமாக அனுப்புவார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் செட் உண்மையில் பிடித்துப்போகும். எண் 407 ஹெர்ப் வாஷிங்டனைப் பாருங்கள். ஆடும் இடம் என்று அட்டையில் எழுதியிருப்பது 'பின்ச் ரன்னர்', அதாவது இன்னொருவருக்குப் பதிலாக ஓடுபவர். அவர் ஓட்டப்பந்தய வீரர். ஓக்லண்ட் அணி அவரை ஓடுவதற்கென்றே எடுத்தது. 1974-இல் 29 முறை பேஸ் திருடினார் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), மட்டையை ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. விலை பார்த்து அட்டை வாங்குபவர் இவரைச் சந்திக்கவே மாட்டார்.

படி 7: பாதுகாப்பு

ஒன்பது பை கொண்ட பிளாஸ்டிக் தாள்கள் 74 வேண்டும். பிவிசி கலக்காதது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். 'டி' வடிவ வளையமுள்ள பைண்டர் வாங்குங்கள், வட்ட வளையம் உள்பக்க அட்டைகளை வளைத்துவிடும். நட்சத்திர அட்டைகளுக்கு மெல்லிய ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை), அதன்மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை. ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். வெயில் படும் அலமாரி, ஈரமான பேஸ்மென்ட், கோடையில் கொதிக்கும் பரண் மூன்றும் ஆகாது.

படி 8: முடிந்ததா?

660-உம் வந்தபின் பட்டியலை நம்பாமல் பைண்டரைப் புரட்டி எண்களை ஒருமுறை சரிபாருங்கள். ஒரே எண்ணை இருமுறை ஏற்றியிருப்பது சகஜம். பிறகு மிகவும் நைந்த பத்து அட்டைகளைக் குறித்துக்கொண்டு, நல்லது கிடைக்கும்போது மாற்றலாம். அடுத்த செட் வேண்டுமென்றால் 1974 அல்லது 1976-க்குப் போங்கள், இரண்டுமே 660 அட்டைகள்தான், இதே முறை அப்படியே பொருந்தும். 1971-இன் கறுப்பு ஓரத்தைப் பார்த்து ஆசை வரும். 752 அட்டைகள், தவணை முறை வெளியீடு, கடைசித் தவணை அரிது, உரசினால் உடனே வெள்ளை தெரியும் ஓரம். அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.