இறக்கும் தறுவாயில் உள்ள வளர்ப்புக் கோழியைப் பராமரிக்கும் முறை

பெயர் வைத்து வளர்த்த பெட்டைக்கோழி தீனியை மறந்து, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கத் தொடங்கினால், நோய் அநேகமாக முற்றிவிட்டது என்றே கொள்ள வேண்டும். பிற விலங்குகளுக்கு இரையாகும் பறவையாதலால், கோழி தன் தளர்ச்சியை வெளியே காட்டாமல் இயன்றவரை கூட்டத்தோடு சேர்ந்தே திரியும். பிழைக்காது என்று தெரிந்த பிறகும் அதற்காகச் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. கோழிதானே என்று அவற்றை ஒதுக்கிவிடுவது எனக்கு ஏற்புடையதன்று. முதன்முறையாக இந்நிலையை எதிர்கொள்பவர்களுக்காக அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: இறுதி நிலைதானா என்று உறுதிசெய்தல்

கோழியை மடியில் வைத்து நெஞ்சைத் தடவிப் பாருங்கள். சதை வற்றி, நடுவிலுள்ள நெஞ்செலும்பு கத்தி முனைபோல் விரலில் தட்டுப்பட்டால், அது பல நாட்களாகவே நலிந்து வந்திருக்கிறது. கொண்டை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருப்பதும், கால்கள் சில்லிட்டிருப்பதும், கீழிமை மேலேறிக் கண் மூடியபடியே இருப்பதும் கடைசிக் கட்டத்தின் அடையாளங்கள். ஆனால் முட்டை அடைப்பு, செள்ளுக் கடியால் வரும் இரத்தசோகை, வெயில் தாக்கம் ஆகியவையும் கோழியை இப்படிச் சாய்த்துவிடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கொண்டுசெல்ல இயலாதவர்கள் 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துக் கேட்கலாம். ஒரே நேரத்தில் பல கோழிகள் சாய்ந்தால் அது வெள்ளைக்கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கக்கூடும். அப்போது வெறுங்கையால் எதையும் தொடாமல் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

படி 2: தனி இடம்

மற்றக் கோழிகள் நலிந்த கோழியைக் கொத்தும். அகலமான கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்கோல் பரப்பி, மேலே பழைய பருத்தித் துணியை விரித்து, நாய் பூனை அண்டாத, காற்றோட்டமுள்ள, மங்கலான வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். கோழி ஒருக்களித்துச் சாய்ந்தால், இரு பக்கமும் துணியைச் சுருட்டி முட்டுக்கொடுத்து நெஞ்சின்மேல் நிமிர்ந்து உட்காரச் செய்யுங்கள். அந்நிலையில்தான் அதற்கு மூச்சு எளிதாக வரும்.

படி 3: சூடு

கோழியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட நான்கு டிகிரி கூடுதல். தின்னாத கோழியால் இந்த வெப்பத்தைக் காக்க இயலாது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால் போதும். அலகைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம் என்று பொருள், உடனே அகற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் இது தேவைப்படாது, நிழலே போதும்.

படி 4: தண்ணீரும் தீனியும்

அன்பு மிகுதியால் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். வாயைப் பிளந்து கஞ்சியையோ மருந்தையோ ஊற்றாதீர்கள். நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருப்பதால், ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குள் போய்விடும். சொட்டுமருந்துக் குழலில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, அலகின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். அது அலகிடுக்கில் இறங்கியதும் கோழி தலையைச் சற்று உயர்த்தி விழுங்கும். விழுங்கிய பிறகே அடுத்த துளி. விழுங்காவிட்டால் அலகை ஈரத்துணியால் நனைத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீனி கொடுக்குமுன் கழுத்தும் நெஞ்சும் சேருமிடத்தில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய நாள் தின்றது காலையிலும் அங்கே கட்டியாகவோ தளதளவென்றோ தங்கியிருந்தால் செரிமானம் நின்றுவிட்டது. மேலும் கொடுப்பது வேதனையையே கூட்டும். பை காலியாக இருந்து, கோழியும் தானாகக் கொத்தினால், அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்தோ, ஊறிய கம்பையோ சிறிதளவு வைக்கலாம்.

படி 5: துப்புரவு

எச்சம் ஒட்டிய ஆசனவாய்ப் பகுதியை ஈ மொய்க்க விட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுத்து, விரிப்பை மாற்றுங்கள்.

படி 6: வலியும் முடிவும்

நம் வீட்டு வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. நாம் பயன்படுத்தும் வலி மருந்தான டைக்ளோஃபினாக் கொடுக்கப்பட்ட கால்நடைகளின் சடலங்களைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததால்தான், கால்நடைகளுக்கென அம்மருந்தைத் தயாரிப்பது இந்தியாவில் 2006ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. மாற்றாக வந்த மெலாக்சிகாமைக்கூட மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் மட்டுமே தர வேண்டும். துளித் தண்ணீரும் இறங்காமல், மூச்சுக்குத் திணறியபடி கோழி கிடந்தால், கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நீட்டித்துப் பார்ப்பதைவிட அது நல்லது என்றே நான் கருதுகிறேன். பழக்கமில்லாதவர் கழுத்தைத் திருக முயன்றால் வேதனை நீளவே செய்யும்.

படி 7: கடைசி நேரம்

அலகு திறந்து மூடும். தலை பின்னோக்கி வளையும். கால்கள் விறைத்து நீள, இறக்கைகள் சில விநாடிகள் வேகமாக அடித்துக்கொள்ளும். இறுதியில் வரும் அந்த இறக்கையடிப்பு பெரும்பாலும் தசைகளின் அனிச்சைத் துடிப்பே. அருகில் குழந்தைகள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அழுத்திப் பிடிக்காமல், இறக்கைமேல் கையை மெல்ல வைத்திருந்தால் போதும்.

படி 8: அடக்கமும் அதன் பிறகும்

மூச்சசைவு நின்று, கண்ணருகே விரலைக் கொண்டுபோனாலும் இமை அசையவில்லை என்றால் உயிர் பிரிந்துவிட்டது. நோயில் இறந்த கோழியைச் சமைக்கவோ, நாய்க்குப் போடவோ, குப்பையில் எறியவோ கூடாது. கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தள்ளி மூன்றடி ஆழத்தில் குழி தோண்டி, சுண்ணாம்புத்தூள் தூவிப் புதைத்து, மேலே கல் வையுங்கள். விரிப்பை எரித்து, கூடையையும் கூண்டையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவி வெயிலில் காயவிட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்கு மற்றக் கோழிகளின் எச்சத்தைக் காலைதோறும் கவனித்துவந்து, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் அன்றே மருந்தகத்தில் காட்டுங்கள்.