இசைத் தொகுப்பின் ஒலியளவைச் சமன்படுத்துவது எப்படி?

வெவ்வேறு காலங்களில் வெளியான பாடல்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, ஒரு பாடல் முணுமுணுப்பாகவும் அடுத்தது காதைப் பிளப்பதாகவும் ஒலிப்பது பழகிப்போன தொல்லை. 1990களுக்குப் பிறகு வந்த பல குறுந்தகடுகள் வேண்டுமென்றே மிகுந்த சத்தத்துடன் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்யப்பட்டது இதற்கு முக்கியக் காரணம்.

எல்லாப் பாடல்களின் உச்ச அளவையும் ஒன்றாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் சத்தம் குறைந்த பாடலிலும் ஒரேயொரு மேளத் தட்டு உச்சத்தைத் தொட்டுவிடக்கூடும் என்பதால், அளக்க வேண்டியது உச்சத்தை அல்ல, செவி உணரும் உரப்பையே. இதற்காக 2001இல் டேவிட் ராபின்சன் முன்மொழிந்த முறைதான் ரீப்ளேகெயின். ஒவ்வொரு பாடலையும் எத்தனை டெசிபெல் கூட்ட அல்லது குறைக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, அந்த எண்ணைக் கோப்பின் டேக்கில் (பாடலின் பெயர், ஆல்பம் போன்ற விவரங்கள் பதியும் பகுதியில்) மட்டும் எழுதிவைப்பதால் ஒலித்தரவு அப்படியே இருக்கும். எனவே தொடக்க நிலையினர் இதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

இனிச் செய்முறைக்கு வருவோம். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 என்ற பிளேயரை நிறுவிக்கொள்ளுங்கள். டேக் எழுதும்போது கோப்புகள் மாறும் என்பதால், தொகுப்பின் நகல் ஒன்றை வேறோர் இயக்ககத்தில் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

அடுத்து, பாடல் கோப்புறையை பிளேலிஸ்ட்டில் இழுத்து விட்டு, அனைத்தையும் தேர்ந்தெடுத்து வலது சொடுக்குங்கள். ரீப்ளேகெயின் மெனுவில், பாடல்களைத் தனித்தனியாக அளக்கவும், டேக்குகளின்படி ஆல்பங்களாகப் பிரித்து அளக்கவும் தனித்தனித் தேர்வுகள் இருக்கும். ஆல்பங்களாக அளந்தால் பாடலுக்கு ஓர் எண்ணும் ஆல்பம் முழுமைக்கும் ஓர் எண்ணும் சேர்ந்தே கிடைப்பதால், ஆல்பம் டேக்குகள் ஒழுங்காக இருக்கும் தொகுப்புக்கு அதுவே ஏற்றது. அளவீடு முடிந்து முடிவுகள் திரையில் தோன்றியதும், அவற்றைக் கோப்புகளின் டேக்கில் எழுதும் பொத்தானை அழுத்த மறவாதீர்கள். அழுத்தாமல் மூடினால் செய்த வேலை வீண்.

எண்கள் மட்டும் எழுதப்பட்டிருந்தால் போதாது, பிளேயர் அவற்றைப் பயன்படுத்தவும் வேண்டும். ப்ரிஃபரன்சஸில் பிளேபேக் பக்கத்தைத் திறந்து, ரீப்ளேகெயின் பகுதியில் பாடல் முறையையோ ஆல்பம் முறையையோ தேர்ந்தெடுங்கள். பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்பவருக்குப் பாடல் முறை பொருந்தும். முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்பவர் ஆல்பம் முறையை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல், அமைதியாக ஒலிக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் கருதிய பாடலும் மற்றவற்றுக்கு இணையாக உரத்துவிடும்.

அதே இடத்தில், உச்சத்தைக் கருத்தில் கொண்டு ஒலி சிதைவதைத் தடுக்கும் தேர்வையும் இயக்குங்கள். இது ஏன் தேவை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். இன்றைய ரீப்ளேகெயின் மைனஸ் 18 எல்யுஎஃப்எஸ் (செவி உணரும் உரப்பை அளக்கும் அலகு; எண் 0-ஐ நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) என்ற உரப்பை இலக்காகக் கொள்கிறது. மைனஸ் 9 என அளக்கப்படும் பாடல் 9 டெசிபெல் குறைக்கப்படும்; அதில் சிக்கல் இல்லை. மைனஸ் 20 என அளக்கப்படும் பழைய பாடலை 2 டெசிபெல் கூட்ட வேண்டும். சிதையாமல் ஒலிக்கக்கூடிய பெரும அளவை 1 எனக் கொள்வோம்; அதன் உச்சம் 0.95 என்றால், 2 டெசிபெல் கூட்டியதும் அது ஏறத்தாழ 1.2 ஆகி, 1 என்ற எல்லையைத் தாண்டிவிடும். அலையின் தலைப்பகுதி வெட்டுப்பட்டுக் கரகரப்பு எழும். தடுப்பை இயக்கியிருந்தால் பிளேயர் எல்லைக்குள் அடங்கும் அளவுக்கு, அதாவது அரை டெசிபெல்லுக்கும் குறைவாகவே கூட்டும். பாடல் சற்று மெதுவாக ஒலிப்பது, சிதைந்து ஒலிப்பதைவிட எவ்வளவோ மேல்.

டேக் எழுதப்படாத கோப்புகளுக்கெனத் தனி ப்ரீஆம்ப் அளவும் (பொதுவாக ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வைக்கும் அளவு) உண்டு. அதை மைனஸ் 8 டெசிபெல் அளவில் வைத்தால், புதிதாகச் சேர்த்த பாடல் திடீரென அலறாது.

பயன்படுத்தும் கருவி டேக்குகளைப் படிக்காவிட்டால், எம்பி3 கோப்புகளுக்கு எம்பி3கெயின் என்ற மென்பொருள் உதவும். அது கோப்பின் ஒவ்வொரு ஃபிரேமிலும் (சிறு ஒலித்துண்டிலும்) உள்ள ஒலியளவு எண்ணை 1.5 டெசிபெல் படிகளாக மாற்றுகிறது. மறுகுறியாக்கம் (ஒலியை மீண்டும் சுருக்கிப் பதிதல்) நிகழாததால் தரம் குறைவதில்லை, வேண்டுமெனில் பழைய நிலைக்கும் திருப்பலாம். ஆனால் ஒரே கோப்பில் இரு முறைகளையும் கலக்கும் முன், பழைய ரீப்ளேகெயின் டேக்குகளை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் டேக்கைப் படிக்கும் பிளேயர்கள் அதே பாடலை இருமுறை குறைத்துவிடும்.