கர்நாடக வயலின் கற்றவர் செகண்ட் வயலினில் போய் உட்கார்வது எப்படி

சின்ன வயதில் ஏழெட்டு வருடம் கர்நாடக வயலின் கற்று, வர்ணம் தாண்டிப் பத்துப் பதினைந்து கீர்த்தனை வாசிக்கும் அளவுக்கு வந்து, அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம் என்று பெட்டியை மூடி அலமாரி மேல் ஏற்றியவர்கள் நம்மில் நிறையப் பேர். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறுநகரில் குடியேறிய பிறகு, நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஊர் ஆர்கெஸ்ட்ராவுக்கு வயலின் வாசிப்பவர்கள் தேவை என்று ஒரு காகிதம் கண்ணில் படும். கை பரபரக்கும். போகலாமா என்று என்னிடம் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம், நானும் அப்படிப் போனவன்தான். ஆர்கெஸ்ட்ராவில் வயலின்கள் ஃபர்ஸ்ட், செகண்ட் என்று இரண்டு அணி, ஆளுக்கொரு வரி; நான் உட்கார்ந்தது செகண்டில். ஆனால் போவதற்கு முன் ஒரு வருடம் வேலை இருக்கிறது, போன பின் மறக்க வேண்டிய பழக்கங்கள் சில இருக்கின்றன. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அங்கே யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் சாயங்காலம், பெரும்பாலும் ஏழரை மணிக்கு, ஒரு தேவாலயக் கூடத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ கூடுவார்கள். வருடத்தில் மூன்று பருவம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கச்சேரி. நீங்கள்தான் சந்தா கட்ட வேண்டும், யாரும் உங்களுக்குப் பணம் தரமாட்டார்கள். ஓய்வு பெற்ற டாக்டர், கணக்காளர், பள்ளி ஆசிரியை எல்லாம் இருப்பார்கள். நடுவே இரண்டு மூன்று பேர் இசைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர்கள், வயலின் டியூஷன் எடுத்தும் கல்யாண வரவேற்புகளில் வாசித்தும் சம்பாதிப்பவர்கள். அரைத் தொழில்முறை என்று சொல்லலாம். இவர்களை அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம், இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். 1884இல் வூஸ்டர் நகரில் செக் இசையமைப்பாளர் டிவோர்ஷாக் வந்து தன் படைப்புகளை நடத்தியபோது வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர்களில் ஒருவர், பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய இசையமைப்பாளரான எட்வர்ட் எல்கர். அப்போது அவர் அந்த ஊரில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த 27 வயது ஆள்.

பல ஊர் ஆர்கெஸ்ட்ராக்களில் தேர்வு வைப்பதில்லை. "ஏழாம் எட்டாம் கிரேடு அளவுக்கு வாசித்தால் போதும்" என்று (இசைத் தேர்வின் மேல்நிலைகளை) சொல்வார்கள், வந்து இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்து பாருங்கள் என்பார்கள். இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுவது. விரல் ஓடும், கரகரப்ரியாவில் கல்பனாஸ்வரம் போடத் தெரியும், ஆனால் ஐந்து கோட்டில் எழுதிய மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்க வராது. அது வராமல் போனால் முதல் பத்து நிமிடத்தில் தொலைந்துவிடுவீர்கள், யாராலும் உதவ முடியாது. எனவே முதல் வேலை, ஒரு வெஸ்டர்ன் வயலின் ஆசிரியரிடம் ஒரு வருடமாவது போவது. கிரேடு தேர்வு எழுதுங்கள், எழுதாமல் போங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் தினமும் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை எடுத்து, நிறுத்தாமல், தப்பு வந்தாலும் திரும்பிப் போகாமல் கடைசிவரை வாசித்துப் பழகுங்கள். நமக்கு இதுதான் கஷ்டம். தப்பு வந்தால் நிறுத்தி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள்.

அடுத்தது வாத்தியம். உங்கள் பழைய வயலின் ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்தது. இங்கே தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றுக்கும் நடுவே பஞ்சம இடைவெளி, ஏ தந்தி 440 ஹெர்ட்ஸ். ஒரே வயலினை இரண்டுக்கும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தால் மெல்லிய தந்தி அறுந்து முகத்தில் தெறிக்கும், தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்துகொண்டே போகும், சுருதியும் நிற்காது. முடிந்தால் இரண்டாவது வயலின் வாங்குங்கள். முடியாவிட்டால் புதுத் தந்தி நான்கும் மாட்டி, ஜி-டி-ஏ-ஈயிலேயே விட்டுவிடுங்கள். கீர்த்தனை வாசிக்க ஆசை வந்தால்? கொஞ்ச நாள் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, எண்ணெய். விரல் வழுக்கிப் போக வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இங்கே விரல் வழுக்கக் கூடாது, குத்தின இடத்தில் நிற்க வேண்டும். எண்ணெய் வில்லின் முடியில் பட்டால் ரோசின் (வில்லுக்குப் போடும் பிசின்) எவ்வளவு தேய்த்தாலும் ஒலி வராது.

உட்காரும் விதம் முழுக்க மாறும். சப்பணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்கால் மேல் சாய்த்துக்கொள்ளும்போது வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பு இடது கைக்கு இல்லை, அதனால்தான் அந்தக் கை தந்தி முழுக்க மேலும் கீழும் ஓடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து தாடைக்கும் காறை எலும்புக்கும் நடுவே பிடிக்கும்போது முதல் மூன்று மாதம் கழுத்து வலிக்கும். வயலினின் அடியில் மாட்டும் தோள் ரெஸ்ட்டை உங்கள் கழுத்து நீளத்துக்குத் தக்கபடி சரிசெய்யுங்கள், ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள், சாயாதீர்கள். வலி மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் பிடி தப்பு என்று அர்த்தம்.

சரி, ரிகர்சலுக்குப் போகிறீர்கள். மடக்கு ஸ்டாண்டு, பென்சில், அழிப்பான், ஒலியை அடக்கும் மியூட், உபரி ஈ தந்தி ஒன்று. பென்சில் 2பி ஆக இருக்கட்டும், பேனா கூடவே கூடாது. தாள்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை, திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, அந்த ஜோடிக்கு டெஸ்க் என்று பெயர். அவையோர் பக்கம் இருப்பவர் வெளியாள், உள்பக்கம் இருப்பவர் உள்ளாள். புதிதாக வந்தவரை அநேகமாக உள்பக்கம் போடுவார்கள். அப்படியானால் பக்கம் திருப்புவது உங்கள் வேலை. கடைசி வரியில் இரண்டு பார் (நம் ஆவர்த்தம் மாதிரி, தாளக் கட்டம்) பாக்கி இருக்கும்போதே வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள், பக்கத்தில் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். பென்சிலில் குறிப்பு எழுதுவதும் உங்கள் வேலைதான். ஒரே வரியில் இரண்டு ஸ்வரம் மேலும் கீழும் எழுதி, பிரித்து வாசிக்கச் சொல்லியிருந்தால் வெளியாளுக்கு மேல் ஸ்வரம், உங்களுக்குக் கீழ் ஸ்வரம். இதை யாரும் வாய் திறந்து சொல்லித் தரமாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இரண்டு வாரம் மேல் ஸ்வரமே வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மையார் மூன்றாவது வாரம் தேநீர் இடைவேளையில், பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டே, மிக மரியாதையாகச் சொன்னார்.

வில்லின் திசைதான் இங்கே சட்டம். கர்நாடக இசையில் சாகித்தியத்துக்குத் தக்க எப்படி வேண்டுமானாலும் வில்லைத் திருப்பலாம், உங்கள் குருவின் பாணி என்று சொல்லிவிடலாம். இங்கே லீடரும் (ஃபர்ஸ்ட் வயலின் தலைவர்) செகண்ட் வயலின் தலைவரும் பேசி முடிவு செய்வார்கள், அது பின்வரிசைவரை கை மாறி வரும். வந்த உடனே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்வரம் ஒன்று தப்பினால், முன்னால் நின்று கோல் பிடித்து நடத்தும் கண்டக்டருக்குக்கூடத் தெரியாமல் போகலாம். எல்லா வில்லும் இறங்கும்போது உங்கள் வில் மட்டும் ஏறினால் கூடத்தில் கடைசி நாற்காலியில் இருக்கும் பாட்டிக்கும் தெரியும். திசையோடு, வில்லின் எந்தப் பகுதியில் வாசிக்கிறார்கள் என்பதையும் பார்த்துப் பிடியுங்கள். முன்னால் இருப்பவர்கள் நுனியில் வாசிக்க, நீங்கள் அடிப்பகுதியில் அழுத்தி இழுத்தால் ஒலி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இனி, எனக்கு இரண்டு வருடம் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நாம் கற்றது பக்கவாத்தியம். பாடுபவர் ஒரு சங்கதி போட்டால் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒரு மயிரிழை பின்னால், சற்று அடங்கின ஒலியில் தொடர வேண்டும். நல்ல வயலின்காரர் என்றால் காது கூர்மை, அவ்வளவுதான். நான் இதையேதான் ஆர்கெஸ்ட்ராவிலும் செய்தேன். முன்வரிசையில் வாசிப்பதைக் கேட்டு, அதோடு சேர்ந்து போனேன். ஒவ்வொரு தடவையும் தாமதம். கேட்ட பிறகு வாசித்தால் தாமதம்தான் என்பது யோசித்தால் தெரிகிறது, அதிலும் பின்வரிசையிலிருந்து கேட்கும்போது இன்னும் மோசம். இங்கே கண்ணால் போக வேண்டும். தாளை ஸ்டாண்டில் எந்த உயரத்தில் வைத்தால் தாளுக்கு மேல் கண்டக்டரின் கோலும், ஓரத்தில் செகண்ட் தலைவரின் வில்லும் தெரிகிறதோ அந்த உயரத்தில் வையுங்கள். அவருடைய வில் தந்தியைத் தொடும் அதே கணம் உங்கள் வில்லும் தொட வேண்டும், ஒலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அவர் மூச்சு இழுப்பதையும் பாருங்கள், அதிலேயே வேகம் தெரிந்துவிடும். காதுக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. சுருதிக்கும் ஒலி அளவுக்கும் காது வேண்டும், அதில் பக்கவாத்தியம் பழகியவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள். ஷூபர்ட்டின் முடிவுபெறாத சிம்பொனியின் தொடக்கத்தில் வயலின்கள் பொடிப்பொடியாக முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், மெட்டு ஓபோவுக்கும் கிளாரினெட்டுக்கும். அந்த இரண்டும் தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் குறைத்து வாசித்துப் பாருங்கள், பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்த பழைய ஞாபகம் தானாக வரும்.

கமகத்தையும் கட்டிப்போட வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நம் விரல் அனிச்சையாக வழுக்கும். தனியாகக் கேட்டால் இனிமை, பத்துப் பேரோடு சேர்ந்தால் அழுக்கு. மெதுவான பகுதிகளில்தான் இது மாட்டிக்கொள்ளும். வீட்டில் வாசித்து ஃபோனில் பதிவுசெய்து கேளுங்கள், வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

ஓய்வு எண்ணுவதில் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. செகண்ட் வயலினுக்குச் சில நேரம் இருபது, முப்பது பார் சும்மா உட்காரும் வேலை வரும். வயலின் மடியில் இருக்கும், இடது கை காலி. கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. 24 பார் என்றால் இரண்டு சுற்று, 30 என்றால் இரண்டு சுற்றும் அடுத்த இரண்டு விரலும். பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரர் என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஆனாலும் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், நீங்கள் நுழையும் இடத்துக்கு முன் எந்த வாத்தியம் என்ன வாசிக்கிறது என்று பென்சிலில் எழுதி வையுங்கள். நான் ஒருமுறை எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டிய ஒரு பாரில், முழு நம்பிக்கையோடு, பலமாக, தனியாக நுழைந்தேன். அதற்குப் பெயர் கூட்டாளிகள் நடுவே "இன்றைய சோலோ".

வீட்டுப் பயிற்சிக்கு, ஐஎம்எஸ்எல்பி தளத்தில் பழைய படைப்புகளின் வயலின் தாள்கள் இலவசமாகக் கிடைக்கும், இறக்கிக்கொள்ளுங்கள். முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கடினமான பன்னிரண்டு பதினைந்து இடங்களை வட்டமிட்டு அதை மட்டும் மெட்ரோனோமில் மெதுவாகப் பிடித்து ஏற்றுங்கள். அப்புறம் பதிவைப் போட்டு, வாத்தியம் இல்லாமல், தாளை விரலால் தொடர்ந்துகொண்டே இரண்டு தடவை கேளுங்கள். செகண்ட் வயலின் வரியைத் தனியாக வாசித்தால் அது என்ன பாட்டு என்றே தெரியாது. என் மனைவி பல வருடமாக ஒரே எக்ஸர்சைஸை வாசிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் கடைசிப் பகுதியின் தொடக்கம் இதன் உச்சம். நாம் கேட்கும் அந்த இறங்கு மெட்டை எந்த அணியும் வாசிப்பதில்லை, ஒரு ஸ்வரம் ஃபர்ஸ்ட் வயலினில், அடுத்தது செகண்டில் என்று மாறி மாறி எழுதியிருக்கிறார். இரண்டும் கலந்து காதில் விழும்போதுதான் மெட்டு. வீட்டில் தனியாக வாசித்தால் தாறுமாறாகத் தாவும், பயந்துவிடாதீர்கள்.

வேகத்துக்குக் கை வராத இடங்கள் இருக்கத்தான் செய்யும். மோட்ஸார்ட்டின் ஃபிகரோ ஓபராவின் முன்னிசையை ஒரு மாதத்தில் முழு வேகத்துக்குக் கொண்டுவருவேன் என்று கங்கணம் கட்டாதீர்கள். ஒவ்வொரு அடியின் முதல் ஸ்வரத்தை மட்டும் சரியாகப் பிடித்து, நடுவில் உள்ளதை விட்டுவிட்டு, வில்லை மட்டும் மற்றவர்களோடு சேர்த்து ஓட்டுங்கள். இது ஏமாற்று இல்லையா என்றால், தப்பான ஸ்வரத்தை உரக்க வாசிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பக்கத்தில் இருக்கும் அரைத் தொழில்முறைக்காரரும் இதைச் செய்வார், கூர்ந்து பாருங்கள், அவர் எதை விடுகிறார் என்பதே ஒரு பாடம்.

கச்சேரி நாளில் புது முகங்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்வார்கள். அன்றைக்கு மட்டும் சம்பளத்துக்கு வந்த தொழில்முறைக்காரர்கள், மத்தியான ரிகர்சலில்தான் தாளையே பார்ப்பார்கள். மூன்று மாதம் உழைத்தவர்களைப் பின்னுக்குத் தள்ளி இவர்களை முன்னே போடுவதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு, எனக்கும் முதல் வருடம் இருந்தது. இப்போது அவர்களுக்கு நேர் பின்னால் இடம் கிடைக்குமா என்று பார்க்கிறேன். கறுப்புச் சட்டை, கறுப்புக் காலுறை, சத்தம் போடாத காலணி. மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கும், தேவாலயம் ஜில்லென்று இருக்கும், கடைகள் மூடியிருக்கும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், எலுமிச்சை ஊறுகாய் மட்டும் வேண்டாம், விரலில் எண்ணெய் ஒட்டும்.