பனியுகக் கடலைக் கண்ணாடிக் குடுவையில் காண்பது எப்படி?

புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு இரண்டு கரண்டியை ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் கரைத்து, சொட்டு நீலம் நான்கு துளி விட்டுக்கொள்ளுங்கள். அகன்ற கண்ணாடிக் குடுவையில் பாதியளவு சாதாரண நீரை நிரப்பி, அடிவரை எட்டும் குழாய் செருகிய புனல் வழியாக நீல நீரை மிக மெதுவாக இறக்கினால், அது அடியில் தனி அடுக்காகத் தங்கும். அவசரப்பட்டால் எல்லாம் கலந்துவிடும். எனக்கு முதல் இருமுறை அப்படித்தான் ஆயிற்று. பின்பு முட்டத்துக் கடற்காற்றைப் போல மேற்பரப்பில் ஊதிப் பாருங்கள்: மேல்நீர் சுழலும், நீல அடுக்கோ ஏறக்குறைய அசையாது.

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து, குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பேங்க் மீன்பிடித் திட்டின் ஆழங்குறைந்த பகுதிகள் நிலமாகக் கிடந்த காலத்தில், அண்டார்க்டிகாவைச் சுற்றிய ஆழ்கடல் இவ்வாறே அடுக்குப் பிரிந்திருந்தது. கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடும்; அந்த அடர்ந்த உப்புநீர் அடியில் தங்கிவிட, மேலிருந்து விழுந்து மட்கிய நுண்ணுயிர்களின் கார்பன் வெளியேற வழியின்றி அங்கேயே சேர்ந்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 280 பங்கு என்ற அளவிலிருந்து 190 பங்குக்கும் கீழே இறங்கியதற்கு இது முக்கியமான காரணம். குளிர்நீர் வாயுவைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும் என்பதும் உடன் உண்டு.

இனி, கரண்டியால் அடியிலிருந்து கிளறுங்கள். நீலம் மேலேறும், பனியுகம் முடிந்தபோது அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்கடலின் ஆழ்நீர் மேலெழுந்து வாயுவை விடுவித்தது இப்படித்தான்.